வியர்வை சென்சார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோலில் ஒட்டிக்கொண்டு வியர்வையை அளக்கும் சென்சார்களைச் செய்வதுதான் சில ஆண்டுகளாக என் வேலை. என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். பெரும்பாலும் அது சர்க்கரை நோயைப் பற்றியதாக இருக்கும். மாணவர்கள், ஓட்டப் பயிற்சியாளர்கள், நோயாளிகளின் வீட்டார் எனப் பலரும் கேட்டதை, கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சர்க்கரைக்காக மட்டும் வந்தவர்களும் முதல் இரண்டு பதில்களைப் படித்துவிட்டுப் போகவும். மற்றதெல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

வியர்வையில் அப்படி என்னதான் இருக்கு? வெறும் உப்புத் தண்ணிதானே?

99 சதவீதம் தண்ணீர், உண்மைதான். மீதியில் சோடியமும் குளோரைடும் அதிகம். அப்புறம் பொட்டாசியம், லாக்டேட் (செல்கள் கடுமையாக உழைக்கும்போது உண்டாவது), யூரியா, அம்மோனியா, அமினோ அமிலங்கள். குளுக்கோஸ் மிகக் கொஞ்சம். கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் அதைவிடவும் குறைவு.

இதைச் சுரப்பவை எக்ரைன் சுரப்பிகள். உடம்பு முழுக்க 20 முதல் 40 லட்சம் வரை உண்டு. அக்குளில் இருக்கும் இன்னொரு வகைச் சுரப்பியை நாங்கள் தொடுவதில்லை. நெற்றி, முன்கை, முதுகு ஆகிய இடங்களில் வரும் நீர்த்த வியர்வைதான் எங்களுக்கு வேண்டும்.

இரத்தத்தில் இருப்பது அப்படியே வியர்வையில் வந்துவிடும் என்கிறார்கள். சரியா?

இல்லை. இந்தத் துறையில் நடக்கும் பாதிக் குழப்பத்துக்கு இந்த நம்பிக்கைதான் காரணம். சுரப்பி என்பது ஒரு நீண்ட மெல்லிய குழாய். அதன் அடிப்பகுதி தோலின் ஆழத்தில் நூல்கண்டு மாதிரி சுருண்டிருக்கும். அங்கே ஊறும் நீரில் சோடியம் கிட்டத்தட்ட இரத்தத்தில் உள்ள அளவு, அதாவது லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் இருக்கும். அந்த நீர் குழாய் வழியே மேலே ஏறும்போது, குழாய்ச் சுவர் உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. தோலுக்கு வெளியே வரும்போது பெரும்பாலும் 10 முதல் 90 மில்லிமோல்தான் மிஞ்சும். எவ்வளவு மிஞ்சும் என்பது ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம், நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

அதனால் நான் வியர்வையில் உள்ளவற்றை மூன்று விதமாகப் பிரித்துப் பார்ப்பேன். சில பொருள்களின் அளவைச் சுரப்பியே தீர்மானிக்கிறது: சோடியம், குளோரைடு, லாக்டேட். சில பொருள்கள் செல் சவ்வுகளைத் தடையில்லாமல் கடந்து வந்துவிடும்: ஆல்கஹால் அப்படி. இன்னும் சில, வழியிலேயே பெரும்பாலும் தடுக்கப்பட்டுத் துளியளவே வெளியே வரும்: குளுக்கோஸும் பெரிய புரதங்களும் இந்த வகை. ஒரு பொருளை அளக்கலாமா என்று யார் கேட்டாலும், அது இந்த மூன்றில் எது என்றுதான் முதலில் யோசிப்பேன்.

வியர்வையை வைத்து எந்த நோயையாவது உண்மையிலேயே கண்டுபிடித்திருக்கிறார்களா?

கண்டுபிடித்திருக்கிறார்கள், அதுவும் 60 ஆண்டுகளுக்கு மேலாக. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது நுரையீரலையும் கணையத்தையும் பாதிக்கும் பிறவி நோய். 1948-ல் நியூயார்க்கில் கடும் வெப்ப அலை அடித்தபோது, மயங்கிய நிலையில் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பலர் இந்த நோய் உள்ளவர்களாக இருந்தார்கள். ஏன் இவர்கள் மட்டும் என்று தேடிப்போன மருத்துவர் பால் டி சான்ட் ஆக்னீஸ், அவர்களின் வியர்வையில் உப்பு மிக அதிகம் என்று 1953-ல் காட்டினார். 1959-ல் கிப்சனும் குக்கும், மெல்லிய மின்னோட்டத்தால் பைலோகார்பைன் மருந்தைத் தோலுக்குள் செலுத்தி, ஒரு சிறிய இடத்தில் மட்டும் வியர்க்கவைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் இருக்க வாய்ப்பு மிக அதிகம். 30-க்குக் கீழ் இருந்தால் வாய்ப்பு குறைவு.

இந்தச் சோதனை ஏன் இவ்வளவு நம்பகமானது என்பதைக் கவனியுங்கள். இந்த நோயில் பழுதாவது, குளோரைடு கடந்துபோகும் ஒரு புரதக் கால்வாய். வியர்வைக் குழாயில் உப்பைத் திரும்ப உறிஞ்சும் வேலைக்கு அதே கால்வாய்தான் வேண்டும். அதாவது கோளாறு சுரப்பியிலேயே இருக்கிறது. இரத்தத்தைப் பற்றி வியர்வையிடம் எதையும் இங்கே கேட்கவில்லை.

சென்சார் எப்படி வேலை செய்யுது?

பெரும்பாலும் இரண்டு வழி. சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகளுக்கு, அந்த அயனியை மட்டும் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு கலந்த ஒரு சவ்வை மின்முனை மேல் பூசுவோம். பொட்டாசியத்துக்கு வாலினோமைசின் என்ற பொருள் இதற்குப் பேர்போனது. அயனியின் செறிவு பத்து மடங்கு கூடினால் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். இதைத் திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கும்: ஒரே ஒரு மில்லிவோல்ட் தவறினால் அளவில் 4 சதவீதம் தவறு, 5 மில்லிவோல்ட் தவறினால் 20 சதவீதத்துக்கும் மேல்.

குளுக்கோஸ், லாக்டேட் போன்றவற்றுக்கு நொதி வேண்டும். குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி குளுக்கோஸை உடைக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. மின்முனையில் அது தரும் மின்னோட்டத்தை அளக்கிறோம். 1962-ல் லேலண்ட் கிளார்க் முன்வைத்த நொதி மின்முனைதான் இதற்கு மூலம். விரலில் குத்திப் பார்க்கும் கருவிகளும் அதே பரம்பரைதான். வண்ணம் மாறும் ரசாயனத்தைக் காகிதத்தில் பூசி, கைப்பேசிக் கேமராவால் படிக்கும் எளிய வழியும் உண்டு.

2016-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அலி ஜாவியின் குழுவில் இருந்த வெய் காவோவும் மற்றவர்களும் குளுக்கோஸ், லாக்டேட், சோடியம், பொட்டாசியம், தோல் வெப்பநிலை எல்லாவற்றையும் ஒரே பட்டையில் ஒரே நேரத்தில் அளந்து காட்டினார்கள். பலர் இந்தத் துறைக்குள் வர அந்த வேலை ஒரு பெரிய காரணம்.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கு. தினமும் குத்திக் குத்தி விரல் மரத்துப்போச்சு. வியர்வையிலேயே பார்க்கும் கருவி எப்போ வரும்?

இந்தக் கேள்விக்கு நல்ல செய்தி சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் தேதி எதையும் சொல்ல என்னால் முடியாது. இரத்தத்தில் குளுக்கோஸ் லிட்டருக்கு 5 மில்லிமோல் அளவில் இருந்தால், வியர்வையில் அதில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். அவ்வளவு குறைந்த அளவை அளக்கும் மின்முனைகள் எங்களிடம் இருக்கின்றன. தடை அங்கே இல்லை. சுரப்பி கொஞ்சம் குளுக்கோஸைத் தன் தேவைக்கே செலவழிக்கிறது. தோல் மேல் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் சர்க்கரை கலக்கிறது. அங்கே வாழும் கிருமிகளும் அதைத் தின்கின்றன. வியர்வை வேகமாக வந்தால் ஒரு அளவு, மெதுவாக வந்தால் வேறு அளவு. நூறில் ஒரு பங்கில் வரும் சிறு தவறு, இரத்த அளவாக மாற்றிச் சொல்லும்போது நூறு மடங்காக நிற்கிறது.

குத்தாமல் அளக்க முயன்ற பழைய கருவி ஒன்றையும் சொல்ல வேண்டும். குளுக்கோவாட்ச் என்ற கைக்கடிகாரத்துக்கு 2001-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. அது தோலடித் திரவத்தை மின்னோட்டத்தால் வெளியே இழுத்து அளந்தது. பலருக்குத் தோல் சிவந்து எரிந்தது. அளவுதிருத்தத்துக்கு, அதாவது காட்டும் எண்ணை உண்மையான இரத்த அளவோடு பொருத்திச் சரிசெய்வதற்கு, விரலில் குத்தத்தான் வேண்டியிருந்தது. அணிந்தவருக்கு வியர்த்தால் அந்த நேரத்து அளவையே அது தவிர்த்துவிடும். சில ஆண்டுகளில் சந்தையைவிட்டுப் போய்விட்டது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளவு சொல்வதாக விற்கப்படும் கைக்கடிகாரம், மோதிரம் எதையும் நம்பி இன்சுலின் அளவைத் தீர்மானிக்காதீர்கள். தானாகவே சர்க்கரை அளவைச் சொல்லும் எந்த ஸ்மார்ட் கைக்கடிகாரத்துக்கும் ஸ்மார்ட் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அதே நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான எண்ணை நம்பிப் போட்ட இன்சுலின் ஒருவரைச் சில மணி நேரத்தில் மயக்கத்துக்குக் கொண்டுபோய்விடும்.

அப்பா கையில் வட்டமா ஒரு சென்சார் ஒட்டியிருக்கார். அது ஊசி இல்லாமல்தானே அளக்குது?

அதன் அடியில் முடி அளவுக்கு மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் இருக்கிறது. செல்களுக்கு இடையே உள்ள திரவத்தை அது அளக்கிறது, வியர்வையை இல்லை. அந்தத் திரவத்தில் குளுக்கோஸ் இரத்தத்துக்குச் சமமாக, சில நிமிடங்கள் மட்டும் பின்தங்கி வரும். விரல் குத்துவதிலிருந்து விடுதலை வேண்டுமென்றால் இன்றைக்கு மருத்துவரிடம் கேட்க வேண்டியது இதைப் பற்றித்தான்.

உட்கார்ந்தே இருக்கேன், வியர்க்கவே இல்லை. அப்போ சென்சார் எதை அளக்கும்?

எதையும் அளக்காது. மூன்று வழி இருக்கிறது. ஓடச் சொல்லலாம், வெப்பம் தரலாம், அல்லது மேலே சொன்ன கிப்சன்–குக் முறைபோல மருந்தைச் செலுத்தி அந்த இடத்தை மட்டும் வியர்க்கவைக்கலாம். நோயாளிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மூன்றாவதுதான் பொருந்தும். பைலோகார்பைனுக்குப் பதில் கார்பகால் என்ற மருந்தைப் பயன்படுத்தினால், ஒருமுறை செலுத்தியது மணிக்கணக்கில் வியர்வை தரும். விரல் நுனியில் சுரப்பிகள் நெருக்கமாக இருப்பதால், சும்மா இருக்கும்போதே அங்கே கொஞ்சம் ஊறும். அதைத் தொட்டு எடுக்கும் சென்சார்களும் வந்திருக்கின்றன.

பேட்ச் ஒட்டினதும் முதல் கால் மணி நேரம் அளவு ஏன் தாறுமாறா இருக்கு?

இரண்டு காரணம். ஒன்று, முதலில் வருவது தோலைக் கழுவிய நீர். காய்ந்துபோன பழைய வியர்வை, தோல் செல்களிலிருந்து கசிந்த பொட்டாசியம், பூசிய க்ரீம் எல்லாம் அதில் இருக்கும். ஸ்பிரிட்டால் துடைத்து, அதற்குப் பிறகு அயனி நீக்கிய தண்ணீரால் துடைத்துக் காயவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். இதைச் சோம்பலில் விட்டுவிட்டு, வந்த எண்களோடு மல்லுக்கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று வெறும் கணக்கு. முன்கையில் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 100 சுரப்பிகள். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 5 நானோலிட்டர் தந்தால் மொத்தம் அரை மைக்ரோலிட்டர். சென்சாருக்கும் தோலுக்கும் நடுவே 0.1 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே அந்தச் சதுரத்தில் 10 மைக்ரோலிட்டர் தேங்கும். அது ஒருமுறை மாறவே 20 நிமிடம் ஆகும். திரையில் நீங்கள் பார்க்கும் எண் 20 நிமிடத்துக்கு முந்தைய உடம்பைக் காட்டுகிறது. இடைவெளியைக் குறைப்பதற்காக எங்கள் துறை செலவழித்திருக்கும் உழைப்பு கொஞ்சநஞ்சமில்லை.

சோடியம் ஏறுதுன்னா உடம்பில் உப்பு கூடிப்போச்சுன்னு அர்த்தமா?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. குழாய்ச் சுவர் உப்பை உறிஞ்சுவதைப் பற்றி இரண்டாம் பதிலில் சொன்னேன் அல்லவா? வியர்வை வேகமாகப் பாய்ந்தால் உறிஞ்ச நேரம் போதாது, அதனால் சோடியம் அதிகமாக வெளியே வரும். ஒருவர் வேகமாக ஓடத் தொடங்கினாலே எண் ஏறும். அவர் இரத்தத்தில் எதுவும் மாறியிருக்காது. வியர்வை வேகத்தைச் சேர்த்துச் சொல்லாத சோடியம் எண்ணை நான் பாதி எண் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

அந்த வேகத்தை எப்படி அளக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சிலிகோன் ரப்பரில் தலைமுடி அளவு அகலத்தில் ஒரு நுண்கால்வாயை வளைந்து வளைந்து போகும்படி வார்ப்போம். அதன் வாயில் ஒரு சிட்டிகைக்கும் குறைவான சாயத்தைக் காயவைத்து விடுவோம். ஆள் சைக்கிள் மிதிக்கத் தொடங்கிச் சில நிமிடங்கள் எதுவும் தெரியாது. பிறகு கால்வாயின் வாயில் ஒரு நீலப் புள்ளி. அது நூல் மாதிரி நீண்டு, முதல் வளைவில் தயங்கி, திரும்பி, அடுத்த கோட்டில் நகரும். கால்வாயின் கொள்ளளவு தெரியும் என்பதால், நீலம் எவ்வளவு தூரம் போயிற்று என்பதே எவ்வளவு வியர்த்தது என்பதற்கு விடை. மின்கலமும் வேண்டாம், கம்பியும் வேண்டாம்.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் ராஜர்ஸின் குழு 2016-ல் வெளியிட்ட மென்மையான பட்டைகள் இந்த வழியைப் பலருக்கும் கற்றுத் தந்தன. அந்த வழியில் பிறந்த ஒரு பேட்ச், விளையாட்டு வீரர்களுக்காக 2021-ல் கேடோரேட் என்ற விளையாட்டுப் பானத்தின் பெயரில் விற்பனைக்கே வந்தது. கால்வாய் மூடியிருப்பதால் வியர்வை ஆவியாகிச் செறிவு கூடும் தொல்லையும் இதில் இல்லை.

அப்போ ஓடும்போது எவ்வளவு தண்ணீர் குடிக்கணும்னு இது சொல்லிடுமா?

ஓரளவு சொல்லும், இந்தத் துறையில் இன்று பயன் தரும் வேலைகளில் இது ஒன்று. கடும் உழைப்பில் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர்கூட வியர்ப்பவர்கள் உண்டு; உப்பு இழப்போ ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடும். தண்ணீரை மட்டும் அளவில்லாமல் குடித்து இரத்த சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துபோன நெடுந்தூர ஓட்டக்காரர்கள் உண்டு. ஆகவே, தான் எவ்வளவு உப்பை இழக்கும் ஆள் என்று தெரிந்துகொள்வது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

முன்கையில் உள்ள ஒரு சிறு வட்டத்தை வைத்து முழு உடம்பையும் கணிக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம். நீர் இழப்பு மட்டும் தெரிந்தால் போதும் என்றால், ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர். இடையில் குடித்ததைக் கூட்டிக்கொள்ளுங்கள். எங்கள் பேட்சைச் சோதிக்க நாங்களும் எடை மேடையைத்தான் நம்புகிறோம்.

லாக்டேட்டைப் பார்த்துத் தசை களைச்சுப்போச்சான்னு சொல்லலாமா?

இதற்கு நான் பெரும்பாலும் வேண்டாம் என்பேன். வியர்வைச் சுரப்பியே உழைக்கும்போது லாக்டேட்டை உண்டாக்குகிறது. அதனால் வியர்வையில் அது இரத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம். சென்சாருக்கு அளக்க எளிது என்பதால் ஆய்வுகளில் அடிக்கடி வருகிறது, ஆனால் தசையின் கதையைச் சொல்கிறதா என்பது வேறு கேள்வி.

குடிச்சிருந்தா காட்டிக்கொடுத்திடுமாமே?

ஆமாம். ஆல்கஹால் சிறிய மூலக்கூறு, எந்தச் சுவரும் அதைத் தடுப்பதில்லை. தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகும் ஈரத்திலேயே வந்துவிடும். நீதிமன்ற உத்தரவின்படி குடிக்காமல் இருக்க வேண்டியவர்களைக் கண்காணிக்க, கணுக்காலில் கட்டும் கருவிகள் 2000-களிலிருந்தே பயன்பாட்டில் இருக்கின்றன. ஆனால் தோலில் தெரியும் உச்சம் இரத்தத்தின் உச்சத்துக்குப் பின்னால், சிலசமயம் மணிக்கணக்கில் தாமதமாக வரும். குடித்தாரா என்பதற்குப் பதில் கிடைக்கும். இந்த நிமிடம் வண்டி ஓட்டும் நிலையில் இருக்கிறாரா என்பதற்குக் கிடைக்காது.

மன அழுத்தத்தை அளக்கும் பேட்ச் வருதாமே, கார்டிசால்?

கார்டிசால் கொழுப்பில் கரைவதால் வியர்வைக்கு ஓரளவு எளிதாக வந்துசேர்கிறது. அது நம்பிக்கை தரும் விஷயம். ஆனால் அளவு லாக்டேட்டைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு. அதைப் பிடிக்க ஆன்டிபாடியையோ, ஆப்டமர் எனப்படும் டி.என்.ஏ. இழைகளையோ பயன்படுத்துகிறார்கள். இறுக்கிப் பிடித்தால்தான் குறைந்த அளவு தெரியும். இறுக்கிப் பிடித்தது பிறகு விடாது. விடாவிட்டால் அடுத்த அளவை எடுக்க முடியாது. இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் பலரும் உழைத்துக்கொண்டிருக்கிறோம். கார்டிசால் எல்லாருக்குமே விடியலில் உயர்ந்து இரவில் தாழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு எண் கூடுதலாக இருப்பதால் ஒருவர் கவலையில் இருக்கிறார் என்று சொல்லிவிட முடியாது.

ஆய்வகத்தில் அருமையா வேலை செஞ்ச சென்சார், தோலில் வெச்சதும் ஏன் சொதப்புது?

குவளையில் இருப்பது நாம் கலந்த செயற்கை வியர்வை. அறை வெப்பநிலை மாறாது, யாரும் கையை மடக்கமாட்டார்கள். தோலில் வெப்பநிலை ஏறும், நொதி அதற்கேற்ப வேகமெடுக்கும். புரதமும் எண்ணெயும் மின்முனையில் படியும். கை அசையும்போது மின்னழுத்தம் துள்ளும். ஐந்து மில்லிவோல்ட் நகர்ந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன். அதனால்தான் வெப்பநிலை சென்சாரும் கூடவே இருக்க வேண்டும்.

எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருமுறை உடற்பயிற்சியின்போது பொட்டாசியம் சீராக, அழகாக ஏறிக்கொண்டே போனது. ஆளை மாற்றினாலும் அதே ஏற்றம். மூன்று வாரம் அதற்கு உடலியல் காரணம் தேடினோம். பிறகு ஒருநாள் பேட்சை வெறும் சோடியம் குளோரைடு கரைசலில் போட்டுவைத்தபோதும் அதே ஏற்றம் வந்தது. மற்ற மின்முனைகளின் மின்னழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் ஒப்பு மின்முனைக்குள் நாங்கள் நிரப்பியிருந்த பொட்டாசியம் குளோரைடு சிறுகச் சிறுகக் கசிந்து, பக்கத்தில் இருந்த பொட்டாசியம் சென்சாரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கப்புறம், ஆள் இல்லாமல் ஓட்டிய சோதனையின் வரைபடத்தைப் பார்க்காமல் ஆள் மேல் எடுத்த எந்த வரைபடத்தையும் நான் பார்ப்பதில்லை.

ஒரு பேட்ச் எத்தனை நாள் தாங்கும்?

பெரும்பாலானவை சில மணி நேரம், நன்றாகச் செய்தால் ஒரு நாள். நுண்கால்வாய் நிரம்பிவிட்டால் அதோடு முடிந்தது. வாரக்கணக்கில் என்று யாராவது சொன்னால், அளவுதிருத்தம் இடையில் எத்தனை முறை நடந்தது என்று கேளுங்கள்.

தோலுக்குக் கெடுதல் இல்லையே?

தொந்தரவு பெரும்பாலும் பசையால் வரும்: சிவப்பு, அரிப்பு. மருத்துவக் கருவிகள் உடம்புக்குப் பாதுகாப்பானவையா என்று பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 10993 தரத்தின்படி, தோலைத் தொடும் ஒவ்வொரு பொருளும் மதிப்பிடப்பட வேண்டும். மின்னோட்டம் செலுத்தும் பேட்சில் அரிதாகச் சிறு தீக்காயம் வரலாம் என்பதால் மின்னோட்டத்துக்கு மேல்வரம்பு கட்டாயம். மூடிவைத்த தோல் ஈரத்தில் ஊறினால் சுரப்பியின் வாய் அடைபட்டு வியர்வையே குறைந்துவிடும். ஆகவே பேட்ச் மூச்சுவிடும்படி இருப்பது வசதிக்காக மட்டுமில்லை, அளவுக்காகவும்தான்.

இரத்தத்தோடு ஒட்டுறவு 0.9-க்கு மேலன்னு கட்டுரையிலேயே போட்டிருக்காங்க. இன்னும் ஏன் சந்தேகப்படுறீங்க?

ஒட்டுறவு என்பது இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம். ஆனால் சாப்பிடுவதற்கு முன் ஒரு அளவு, பின் ஒரு அளவு எடுத்தால், இரத்தத்திலும் ஏறும், வியர்வையிலும் ஏறும். இரண்டு புள்ளிக்கு நடுவே கோடு எப்போதும் நேராகத்தான் போகும். அதே ஆளின் இரத்த அளவை வைத்துச் சென்சாரைத் திருத்திவிட்டு, அதே ஆளிடம் பொருந்துகிறது என்று காட்டுவதும் நடக்கிறது. நான் பார்ப்பது வேறு: வியர்வை வேகம் அளந்தார்களா? தோலைக் கழுவியதை எழுதியிருக்கிறார்களா? இரத்த அளவைப் பார்க்காமல் முன்கூட்டியே கணித்து, பிறகு ஒப்பிட்டார்களா? சர்க்கரை இறங்கும்போதும் தொடர்ந்து பொருந்தியதா? தோலுக்குள் இழை வைக்கும் கருவிகளின் சராசரிப் பிழை இன்று 8 முதல் 10 சதவீதம். வியர்வைக் கருவி அதோடு போட்டிபோட வேண்டும்.

நான் மாணவி. இந்தத் துறையில் இறங்கலாமா, எதில் தொடங்கறது?

தாராளமாக வாருங்கள், ஆள் தேவை. குளுக்கோஸில் தொடங்க வேண்டாம். சோடியத்தையும் வியர்வை வேகத்தையும் சேர்த்து அளப்பதில் தொடங்குங்கள். வேதியியல் ஓரளவு தெளிவு, அளவு தாராளம், எடை மேடையை வைத்து உங்களை நீங்களே சரிபார்க்கலாம். சுரப்பியின் உடலியலை மின்முனைக்கு முன்பே படியுங்கள். எங்களில் பலர் அதைத் தலைகீழாகச் செய்து வருடங்களை இழந்தோம்.

முதல் மின்முனையைச் செய்தவுடன் ஆள் மேல் ஒட்ட அவசரப்படாதீர்கள். செறிவு தெரிந்த ஒரே கரைசலில் அதை எட்டு மணி நேரம் போட்டு, தொடாமல், எண் எவ்வளவு நகர்கிறது என்று எழுதிவையுங்கள். மறுநாள் இன்னொரு மின்முனையில் அதையே செய்யுங்கள். பத்து மின்முனைகளுக்குப் பிறகு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.